கோடு வேறு, சுழி வேறு

எண்ணில் நேர்மையும் எண்ணத்தில் ஈரமும் எந்நாளும் குறையாத எங்கள் பெருமாட்டியீர்! வலையின் வேகத்தையும் வயிற்றின் வேதனையையும் ஒரே வரியில் வைத்து எழுதிய வல்லவரே! பெருமீனின் பசியையும் பொடிமீனின் பதற்றத்தையும் சமன்பாட்டுக்குள் அமரவைத்துச் சமாதானம் பேசிய சான்றோரே! இந்த நீர்வள ஆய்வு நிலையத்தின் இரண்டாம் மாடி மூலை அறையில், ஒரு கால் ஆடும் கரும்பலகைக்கும் ஏரியைப் பார்த்துத் திறக்கும் ஜன்னலுக்கும் நடுவே, முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்றபடியே சிந்தித்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் முதுநிலை ஆய்வாளர் அம்மையீர்! நிலையத்தார் அனைவரும் உங்களை எழுந்து நின்று வணங்குகிறோம்.

இந்த மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பைப் பதிவேட்டுப் பகுதி எழுத்தனாகிய என்னிடம் விழாக் குழு ஒப்படைத்தபோது இரண்டு நிபந்தனைகள் விதித்தது. அடைமொழிகள் தாராளமாக இருக்க வேண்டும். ‘தாங்கள்’ என்றே விளிக்க வேண்டும். முதலாவதை மேலே இயன்றவரை நிறைவேற்றிவிட்டேன். இரண்டாவதைக் கைவிட்டேன். ‘தாங்கள்’ என்று எழுதினால், என்னைத் தாங்க ஆள் வேண்டாம், என் காலே போதும் என்பீர்கள். அடைமொழிகளையும் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அறிக்கைகளில் ‘மிகவும்’ என்ற சொல்லைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ‘எவ்வளவு?’ என்று ஓரத்தில் எழுதுவது உங்கள் வழக்கம். ‘மிகவும் மதிப்பிற்குரிய’ என்று தொடங்கிய அழைப்பிதழ் ஒன்றைக்கூட அப்படியே திருத்தி அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினீர்கள். இன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பென்சிலைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருக்குமாறு பணிந்து வேண்டுகிறோம்.

கரை காணாத கல்வியோடு கரைக்கே இறங்கி வந்தவரே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கணக்குப் படித்தவர்களை ஊரார் கேலி செய்வதுண்டு. நீங்கள் ஏட்டில் வளர்த்தது மீன். அது நாற்பத்தொரு படகுக்காரர் வீட்டு அடுப்புகளுக்கு உதவியது. எங்கள் ஏரியில் இரண்டு கூட்டங்கள் உண்டு. பாசியைத் தின்று திரியும் சிறு மீன்கள் ஒன்று. அந்தச் சிறு மீன்களைத் தின்று கொழுக்கும் வேட்டை மீன்கள் மற்றொன்று. படகுக்காரர்கள் வாயில் முன்னது ‘பொடிசு’, பின்னது ‘பெரிசு’. பொடிசு பெருகினால் அதைத் தின்று பெரிசு பெருகும். பெரிசு பெருகினால் பொடிசு குறையும். பொடிசு குறைந்தால் பட்டினியில் பெரிசும் குறையும். பெரிசு குறைந்ததும் பொடிசு மறுபடி தலைதூக்கும். இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறி இறங்கும் இரண்டு அலைகளை இரண்டே சமன்பாடுகளில் எழுதி, அவற்றுக்கு நடுவே வலையோடு நிற்கும் மனிதனையும் சேர்த்தீர்கள். பிறந்ததைக் கூட்டு, தின்றதைக் கழி, வலையில் வந்ததையும் கழி. உங்கள் வாழ்நாள் ஆராய்ச்சியை எங்கள் வாயில் காவலர் பார்வையாளர்களுக்கு இப்படித்தான் விளக்குகிறார். அதில் பிழை இல்லை என்று நீங்களே சான்றளித்திருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கிலிருந்து நீங்கள் கண்டெடுத்த முடிவை முதலில் யாரும் நம்பவில்லை. வலையை அடியோடு நிறுத்தினால் எல்லா மீனும் பெருகும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பெருகுவது பெரிசுதான், பொடிசு குறையும் என்றீர்கள். படகுக்காரன் விட்டுவைத்த பொடிசை ஏரி பத்திரப்படுத்தி வைக்காது, பெரிசுக்குப் பரிமாறிவிடும் என்றீர்கள். அதே சமயம், வலை அளவு மீறினால் பெரிசு ஒரு எல்லைக்குக் கீழே போய்விடும். அதன்பிறகு எத்தனை வருடம் காத்திருந்தாலும் திரும்பாது. ஆகவே எல்லா நாளும் வலை விரிக்காதே, எல்லா நாளும் வலையை மடக்கியும் வைக்காதே என்பதே உங்கள் ஆராய்ச்சியின் சாரம். இதைப் படகுக் கொட்டகையில் முதன்முதலாக விளக்கி, பெரிசுகளை அளவோடு பிடித்துக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று நீங்கள் சொன்னபோது, அப்போதே தலை நரைத்திருந்த படகுச் சங்கத் தலைவர் எழுந்தார். “எங்க வீட்டம்மாவும் இதைத்தான் சொல்லுது, இந்தப் பெரிசை யாராவது பிடிச்சுட்டுப் போங்கன்னு” என்றார். கொட்டகை சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனதாம். அன்று முதல் ஏரிக்கரையில் உங்களுக்குக் ‘கணக்கம்மா’ என்று பெயர்.

கூர்த்த மதியும் குன்றாப் பொறுமையும் கொண்டவரே! உங்கள் பொறுமைக்கு நாற்பத்தொரு சாட்சிகள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. படகுக்கு ஒன்றாக நாற்பத்தொரு நோட்டுகள். மீன் வாடையும் டீசல் கறையும் ஏறியவை. நாளுக்கு ஒரு வரி. பெரிசு எத்தனை கூடை, பொடிசு எத்தனை கூடை என்று படகுக்காரரே எழுதுவார். படகு தண்ணீருக்குப் போகாத நாளில் அந்த வரியில் ஒரு கோடு இழுப்பார். போயும் ஒன்றும் அகப்படாமல் திரும்பிய நாளில் ஒரு சுழி போடுவார். கோட்டில் அவமானம் கிடையாது. காற்று, காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு படகு கரையில் நிற்க ஆயிரம் காரணம் உண்டு. சுழிதான் அவமானம். கடுகளவு சுழி போட்டு, அதையும் கட்டை விரலால் தேய்த்து வைப்பவர்கள் இருந்தார்கள். அந்தத் தேய்த்த சுழிகளையும் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து உங்கள் கணக்கில் சேர்த்தீர்கள்.

இதுவரை எழுதிய வரைவைப் படித்த விழாக் குழு, எல்லாம் சரி, ‘அப்பழுக்கற்ற பணி’ என்ற தொடரைக் காணோமே என்று கேட்டது. எந்தப் பாராட்டு மடலிலும் அது இல்லாமல் இருக்காது. ஆனால் அந்தத் தொடரை என்னால் எழுத முடியவில்லை. உங்கள் பணிப் பதிவேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரு அழுக்கு இருக்கிறது. அது உங்களுடையதல்ல, என்னுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அது உங்கள் பெயரில் இருந்து வருகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்து ஓய்ந்து, பழகியும் போய்விட்டது. நீங்கள் இந்தக் கட்டடத்தைவிட்டு இறங்குவதற்குள் அதைச் சொல்லாவிட்டால் பிறகு சொல்வதற்கு இடமே இருக்காது. இந்த மடல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படும் என்பதால், இதைவிடப் பொருத்தமான தாளும் எனக்குக் கிடைக்காது. மற்ற ஊழியர்கள் அனுமதித்ததால் இனிச் சில பத்திகளுக்கு ‘நாங்கள்’ என்பது ‘நான்’ என்று மாறுகிறது.

அம்மையீர், நான் இங்கே மாற்றலாகி வந்த புதிது. அதற்கு முன் நில அளவை அலுவலகத்தில் இருந்தேன். அங்கே கோடு என்றால் ‘இல்லை’. ‘இல்லை’ என்றால் சுழி. படிவத்தில் கோடு கண்ட இடமெல்லாம் கணினியில் சுழி ஏற்றுவது எங்கள் பாலபாடம். அந்தப் பருவத்தில் காற்று கடுமையாக இருந்தது. ஏறக்குறைய ஒருநாள் விட்டு ஒருநாள் படகுகள் கரையில் நின்றன. நாற்பத்தொரு நோட்டுகளிலும் பக்கத்துக்குப் பக்கம் கோடுகள். மூன்று வாரம் உட்கார்ந்து அத்தனையையும் சுழியாக ஏற்றினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று பெருமையோடு அச்செடுத்துக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தேன். நல்ல சுத்தமான வேலை என்று சொன்னீர்கள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாளுக்கு எத்தனை கூடை என்பதை வைத்தே ஏரியில் உள்ள மீனை நீங்கள் கணிப்பீர்கள். ஒரு படகு நூறு நாள் போய் நூறு கூடை கொண்டுவந்தால் நாளுக்கு ஒரு கூடை. அதே படகு ஐம்பது நாள்தான் போனது என்றால் நாளுக்கு இரண்டு கூடை. நான் கரையில் நின்ற படகுகளையெல்லாம் தண்ணீருக்கு அனுப்பி, வெறுங்கையோடு திரும்ப வைத்துவிட்டேன். ஆகவே ஏரியில் மீன் பாதியாகிவிட்டது என்று எண்கள் சொல்லின. பெரிசு அந்த மீளமுடியாத எல்லையைத் தொட்டுவிட்டது என்று உங்கள் சமன்பாடு எச்சரித்தது. வலையை மடக்குவதில் உங்களுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் அழிவா தடையா என்ற நிலையில் எட்டு மாதத் தடைக்குப் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டீர்கள். ஏரி மூடப்பட்டது. நாற்பத்தொரு குடும்பங்களின் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டன. ஆண்கள் சுமை தூக்கவும் சுவர் எழுப்பவும் போனார்கள். பெண்கள் நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். நான் தினமும் பேருந்திலிருந்து அந்தக் கவிழ்ந்த படகுகளைப் பார்த்துக்கொண்டே வேலைக்கு வந்தேன்; அதில் என் கை இருக்கிறது என்று அப்போது தெரியாது.

ஐந்தாம் மாதம் நிலையத்துப் படகில் சோதனை வலை வீசப்பட்டது. தேறி வரும் நோயாளியைப் போல் ஒன்றிரண்டு பெரிசு வரும் என்று காத்திருந்தோம். வலை கிழியக் கிழியப் பெரிசு வந்தது. பொடிசு கால் கூடைகூட இல்லை. வலையை நிறுத்தினால் எது பெருகும், எது குறையும் என்று கரும்பலகையில் நீங்கள் எழுதியதை ஏரி தன் கையாலேயே எழுதிக் காட்டியது, நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய எழுத்தில். மற்றவர்கள் மகிழ்ந்தார்கள், உங்கள் கணக்கு பலித்தது என்று கைகொடுத்தார்கள். நீங்கள் கையை நீட்டவில்லை. அறைக்குப் போய், அன்றைய எண்ணிலிருந்து சமன்பாட்டைப் பின்னோக்கி ஐந்து மாதம் நடத்தினீர்கள். தொடக்கத்தில் பெரிசு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தால், என் பதிவில் இருந்ததைப்போல் ஏறக்குறைய சரியாக இரண்டு மடங்கு வந்தது. இயற்கை இவ்வளவு ஒழுங்காகத் தவறாது, மனிதக் கைதான் இப்படித் தவறும் என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தீர்கள்.

பதினேழாம் எண் நோட்டோடு என் மேசைக்கு வந்து, ஒரு பக்கத்தை விரித்து வைத்து, இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். ‘இல்லை’ என்று அர்த்தம் என்றேன்.

“எது இல்ல? மீனா, படகா?” என்று கேட்டீர்கள்.

என் முகத்தைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை நீங்கள் வாசிக்க, நான் திருத்த, நாலு நாளில் நாற்பத்தொன்றையும் முடித்தோம். அந்த நாலு நாளும் நீங்கள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நாலு சொல் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைய இயக்குநர் சமயோசிதமானவர். காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம், காற்று மறுத்துப் பேசாது என்று யோசனை சொன்னார். ஏரி எதிர்பார்த்ததைவிட விரைவில் தேறிவிட்டது, ஆகவே மூன்று மாதம் முன்னதாகவே திறக்கிறோம் என்று அறிவித்தால் படகுக்காரர்கள் நன்றியும் சொல்வார்கள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்த வித்தையை நீங்கள் கற்க மறுத்தீர்கள். மறுநாள் படகுக் கொட்டகைக்குப் போனீர்கள். நானும் வந்தேன், வாசலோரத் தூணுக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நீங்கள் உட்காரவில்லை.

“தப்பு என்னோடது. நீங்க போகாத நாளையெல்லாம், போய் வெறுங்கையோட வந்த நாளுன்னு எழுதிட்டேன். அதனாலதான் ஏரியை மூடினோம். மூடியிருக்கவே கூடாது.”

எழுதிட்டேன் என்றீர்கள். எழுதிட்டோம் என்றுகூடச் சொல்லவில்லை. எழுதியவன் பத்தடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்று, அந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தில் தன் தலை தப்பியதை உணர்ந்துகொண்டிருந்தான். சங்கத் தலைவர் மடியில் இருந்த நோட்டை மூடினார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். கடைசியில் கொட்டகையில் நீங்களும் நானும்தான் மிச்சம்.

திரும்பும் வழியில் உங்களிடம் சொன்னேன், இயக்குநரிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. வேண்டாம் என்றீர்கள். “நோட்டை ஏத்தினது நீங்க, கையெழுத்துப் போட்டது நான். கையெழுத்துப் போட்டவங்கதான் கணக்குக்குச் சொந்தக்காரங்க” என்றீர்கள். உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாக நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கு அப்போது வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள், நிரந்தரமாகாத வேலை. ‘கவனக்குறைவாகத் தரவுகளைப் பதிந்து பெரும் இழப்புக்குக் காரணமானார்’ என்ற குறிப்பாணை உங்கள் பணிப் பதிவேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அதைப் பசை தடவி ஒட்டியவனும் நான்தான். அது பதிவேட்டுப் பகுதியின் வேலை. தலைமை ஆய்வாளர் பதவி இருமுறை காலியானது. இருமுறையும் அந்தப் பக்கம் திறக்கப்பட்டது, இருமுறையும் பதவி வேறொருவருக்குப் போனது. இன்று நீங்கள் முதுநிலை ஆய்வாளராகவே ஓய்வு பெறுகிறீர்கள் என்றால் அதற்கு நான் ஏற்றிய சுழிகள்தான் காரணம். இதில் எனக்கு வெட்கம் உண்டு. வருத்தம் அதைவிட உண்டு. ‘எவ்வளவு?’ என்று நீங்கள் கேட்டால், அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

ஏரி உடனே திறந்தது; கொட்டகையில் மூடிய நோட்டு பத்து நாள் கழித்துத்தான் திறந்தது. சங்கத் தலைவர் உங்கள் அறைக்கு வந்தார். தடை இருந்த ஐந்து மாதப் பக்கங்களும் வெறுமையாக இருந்தன. ஐந்து மாதமாகத் தண்ணீருக்குப் போகவில்லை, இங்கே என்ன போடுவது, கோடா சுழியா என்று கேட்டார். அது கேள்வியா குத்தலா என்று எங்களுக்கு விளங்கவில்லை. நீங்கள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டீர்கள்.

“கோடு போடுங்க. ஆனா நீங்களா போகாம இருக்கல, நான் போக விடல. அதையும் பக்கத்துல எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

அவர் எழுதினார். நீங்கள் கையெழுத்திட்டீர்கள். அடுத்த வாரத்துக்குள் மற்ற நாற்பது நோட்டுகளும் வந்தன, நாற்பதிலும் கையெழுத்திட்டீர்கள். பொடிசு பழைய அளவுக்குத் திரும்ப இரண்டு பருவங்கள் ஆயின. அந்த இரண்டு பருவமும் வாரம் தவறாமல் கரைக்குப் போனீர்கள். முதல் வருடம் உங்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாய் மட்டும் வாலாட்டியது என்று நீங்களே சொல்லிச் சிரித்ததுண்டு. அதன்பிறகு நோட்டில் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தீர்கள். படகு போனதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் என் கணினி இன்று ஒரு வரியையும் ஏற்காது. வாரத்தில் எந்த நாள் யார் வலைக்கு ஓய்வு என்று சங்கமும் நீங்களும் சேர்ந்து போட்ட சுற்றுமுறை இருபது ஆண்டுகளாக ஓடுகிறது. இந்த இருபது ஆண்டில் பெரிசும் பொடிசும் ஏறி இறங்கினவே தவிர, ஒருமுறையும் எல்லையைத் தொடவில்லை. ஏரி ஒருநாளும் மூடப்படவில்லை.

நிலையத்தார் சார்பில் மீண்டும் ‘நாங்கள்’ ஆகிறேன். இல்லறத்திலும் இலக்கணம் தவறாத இனியவரே என்று ஒரு வரி எழுதலாமா என்று கேட்க, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தோம். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து நாலு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர், இன்னும் கழுத்தில் விசிலோடுதான் கதவைத் திறந்தார். “உங்க மேடம் வீட்டுல ஒரு தடவைகூட தப்பு என்னோடதுன்னு சொன்னதே இல்லைங்க. மொத்தத்தையும் அந்தக் கொட்டகையிலயே சொல்லித் தீர்த்துட்டாங்க போல” என்றார். ஆகவே அந்த வரியை எழுதவில்லை. ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார். அந்தக் குறிப்பாணை வந்த நாளில் நீங்கள் வீட்டுக்கு வந்து, நம்ம ஆபீஸ் எழுத்தருக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு மகளுக்குத் தலை பின்னப் போய்விட்டீர்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எழுத்தன் இந்த மடலைக் கிழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து எழுதினான்.

மாண்பமை இயக்குநர் மேடையில் இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு தாமதமாக எழுத்தன் கொடுத்த வாக்குமூலத்தை அவர் ஏற்று, உங்கள் பணிப் பதிவேட்டின் பதினைந்தாம் பக்கத்தில் ஒட்ட இன்று காலை ஆணையிட்டார். பதினான்காம் பக்கத்தைக் கிழிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். அதுவும் நல்லதே. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உண்மையைத் தெரிந்துகொள்வார். போன பதவிகள் திரும்பி வாரா. எழுத்தனுக்கு என்ன நடவடிக்கை என்பது இயக்குநரின் கையில் இருக்கிறது. எதுவானாலும் அதில் கையெழுத்துப் போட இந்த முறை அவன் பேனா தயாராக இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் மறுபடி ‘நான்’. படகுச் சங்கத்தின் அந்தப் பழைய தலைவர் இன்று முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும். முழங்கால் சிகிச்சை முடிந்து கட்டிலில் இருக்கிறார். இந்த மடலில் கையெழுத்து வாங்க நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தூணுக்குப் பின்னால் நின்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி. எங்க நோட்டை ஏத்துறது நீங்கதானே. எப்போ சொல்லப் போறீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தோம்.”

நான் தலை குனிந்துகொண்டு பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நாளைக்கு நான் வர முடியாது. வராதவன் கையெழுத்துப் போட்டா கணக்கம்மா ஒத்துக்க மாட்டாங்க. என் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டுருங்க.” நான் பேனாவைத் தாளில் வைத்ததும், “பாத்துங்க, சுழி போட்டுடப் போறீங்க” என்றார்.

அம்மையீர்! நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டை நான்தான் திறப்பேன். ஓய்வு பெற்றவர் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது வழக்கம். இந்த மாதம் முடியும்வரை அதைச் செய்வதாக இல்லை. உங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பேன். அதைப் பார்க்கும் யாரும் மூலை அறை வெறுமையாகிவிட்டது என்று படிக்க வேண்டாம். படகு இன்று தண்ணீருக்குப் போகவில்லை, கரையில் இருக்கிறது, நலமாக இருக்கிறது என்றே படிக்கட்டும். அந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஆன செலவை இந்த நிலையத்தில் அனைவரும் அறிவார்கள்.

கூட்டலில் குடும்பமும் கழித்தலில் கவலையும் என்றென்றும் உங்கள் கணக்கில் அமையட்டும்! கண்ணில் ஒளியும் காலில் உரமும், வீட்டுக்காரரின் விசிலுக்கு எதிர்ப்பேச்சும் குன்றாமல், நூறு பருவங்கள் ஏரி ஏறி இறங்குவதை ஜன்னலோரம் நின்று பார்த்திருப்பீராக! எங்கள் ஏரியும் எங்கள் எண்களும் உங்களைப் பார்த்து வெட்கப்படாதபடி நடந்துகொள்வோம் என்று உறுதி கூறி, இந்த மடலை உங்கள் கைகளில் பணிவோடு படைக்கிறோம்.

இவண்,
நீர்வள ஆய்வு நிலையத்தின் ஊழியர்கள் அனைவரும்,
நாற்பத்தொரு படகுகளின் உரிமையாளர்கள்,
எழுதியவனும் ஏற்றியவனுமாகிய பதிவேட்டுப் பகுதி எழுத்தன்.

படகுச் சங்கத்தின் முந்தைய தலைவர்: —